பெட்டி ஓடுகிற வரைக்கும்

கஸ்தூரியம்மாள் கையில் திணிக்கப்பட்ட காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுபோனபோதுதான் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இழவுக்கு வேட்டு போட யாரோ அதற்குள் வந்துவிட்டார்கள் என்றுதான் பந்தலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பிறகு கூடத்து மின்விசிறி தளர்ந்து நின்றது. அவள் புருஷன் கர்ணன் படுத்திருந்த ஐஸ் பெட்டியின் உறுமலும் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர் டக்கென்று தட்டியது, பெட்டி மறுபடியும் உறுமத் தொடங்கியது.

"போயும் அவுகதான் கரண்டு குடுக்காக பாரு" என்றாள் காப்பி கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சோணையம்மாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்தூரியம்மாளுக்கும் அதுதான் தோன்றியிருந்தது.

கர்ணன் தேனியில் விதை, உரக் கடை வைத்திருந்தவர். முந்தின நாள் சாயங்காலம் பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கஸ்தூரியம்மாளுக்கு அழுகை ராத்திரியோடு வற்றிப்போயிருந்தது. அவளுக்கு இப்போது இருந்தது ஒரே வேலை. மகள் ஹேமாவதி வந்து அப்பா முகத்தைப் பார்க்கும்வரை எடுக்கவிடக் கூடாது.

ஹேமாவதி மஸ்கட்டில் இருந்தாள். கல்யாணமாகிப் போனவள் இன்னும் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. இந்த ஆவணிக்கு வருவதாக இருந்தது. இப்போது கிடைத்த விமானத்தில் ஏறிக் கொச்சியில் இறங்கி, குமுளி வழியாகக் காரில் வந்துகொண்டிருந்தாள். போனில் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் பாக்காம எடுத்துராதீகம்மா." எடுக்க மாட்டோம் என்று கஸ்தூரியம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டாள். வாக்குக் கொடுத்தபோது தெருவில் கரண்டு இருந்தது.

விடியற்காலை பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த மகன் ஈஸ்வரபாண்டி, செல்போனோடு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான்.

"டிரான்ஸ்பார்மரே கருகிப்போச்சாம்மா. வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டச் சாயங்காலம் ஆயிருமாம்."

"ஜெனரேட்டர் பாத்தியா?"

"கேக்காத ஆளில்ல. எல்லாம் வீரபாண்டிலதான் நிக்குதாம்."

பக்கத்து ஊரான வீரபாண்டியில் அம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. சுற்று வட்டாரத்தில் வாடகைக்கு விடுகிற ஜெனரேட்டர் அத்தனையும் ராட்டினத்துக்கும் மைக்செட்டுக்கும் போயிருந்தன. ஐஸ் கட்டி கேட்டால் அதுவும் அங்கேதான், சர்பத் கடைகளில். சித்திரை வெயிலில் ஊரின் குளிர்ச்சியையெல்லாம் ஆத்தா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் போல.

கர்ணனின் அண்ணன் சின்னக்கருப்பு வருசநாட்டிலிருந்து ராத்திரியே வந்துவிட்டார். அங்கே இலவந்தோப்பு வைத்திருக்கிற மனிதர். அதிர்ந்து பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். அவர் கூடத்துக்குள் வந்து, பெட்டியைப் பார்க்காமல் கஸ்தூரியம்மாளைப் பார்த்தார்.

"ஏத்தா, மத்தியானத்துக்குள்ள எடுத்துருவோம்."

"ஹேமா வரணும் மாமா."

"புள்ள வரவேண்டியதுதான். நான் வேணாங்கல. வெயிலப் பாத்தியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கய்யா செத்தப்ப, தங்கச்சி வரட்டும் தங்கச்சி வரட்டும்னு வச்சிருந்தோம். பங்குனி மாசம். கடைசில மூக்கப் பொத்திக்கிட்டுத் தூக்குனோம். பெத்த அப்பன. அந்த மூஞ்சிதான் இன்னைக்கும் எனக்கு நெனப்புல நிக்கிது. தம்பிய அப்படித் தூக்க என்னால முடியாதுத்தா."

கஸ்தூரியம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தக் கதையைக் கர்ணன் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

"பெட்டி ஓடுதுல்ல மாமா" என்றாள்.

அவர் அப்போதுதான் பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதன் உறுமலைக் கேட்டார்.

"சரி. பெட்டி ஓடுற வரைக்கும் வச்சிருப்போம். நின்டா அந்த நிமிசமே தூக்கிரணும். அதுக்கு மேல நீ என்னையக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

இப்படித்தான் அந்த இழவு வீட்டின் கடிகாரம், கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குள் போயிற்று.

மாடியில் சூரிய ஒளித் தகடுகளும், படிக்கு அடியில் இன்வெர்ட்டரும் இரண்டு பெரிய பேட்டரிகளும் போன வருஷம் வந்தவை. தினமும் கரண்டு போய்க்கொண்டிருந்த காலம். தெருவிலேயே முதலில் வாங்கியவர் கர்ணன்தான். கூடவே ஒரு வயரும் ஒரு சிடியும் கொடுத்தார்கள். ஈஸ்வரபாண்டி விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டால், திரையில் பச்சை நிறத்தில் ஒரு பேட்டரிப் படம் வரும். அதில் எவ்வளவு இருக்கிறது என்ற எண் வரும். கீழே, வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்டு செலவானது என்று ஒரு கோடு ஏறி இறங்கி ஓடும். டிவிப் பெட்டிக்கு முன்னால் உட்காராத மனிதர் அந்தக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கஸ்தூரியம்மாளுக்கு அந்தக் கோட்டைக் கண்டால் ஆகாது. கடையிலிருந்து வந்ததும் முகம் கழுவாமல் அதைத்தான் பார்ப்பார்.

"காலையில கரண்டு இல்லாதப்ப மிக்சி போட்டியா?"

"இல்லியே."

"இந்தா குத்தா ஏறி நிக்குதே, இது யாரு?"

பேருதான் கர்ணன், ஒரு சட்னிக்குக் கரண்டு கொடுக்க மனசு வராது என்று அவள் சோணையம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு மிக்சியைப் போட்டால் கோடு அவ்வளவாக ஏறாது என்று அவளே கண்டுபிடித்தாள். ஒரு மாசம் ஓடியது. ஒரு நாள் அவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சட்னி நல்லாத்தான் இருந்துச்சு, அது முடிஞ்சதும் ஒரு பள்ளம் விழுந்திருக்கு பாரு. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட மறந்துட்ட" என்றார். "பொண்டாட்டிய வேவு பாக்க ஊருல ஆள் வைப்பாக, நீங்க கம்ப்யூட்டர் வச்சிருக்கீக" என்று அவளும் சிரித்துவிட்டாள். சண்டை என்றால் அவர்களுக்குள் கடைசி வருஷத்தில் இவ்வளவுதான்.

பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது என்பது அவர் சட்டம். இறங்கினால் அதன் ஆயுசு குறையுமாம். ஐம்பதைத் தொட்டதும் கொஞ்ச நேரம் பீப் பீப் என்று கத்தி, வீட்டுக்குப் போகிற கரண்டை அதுவே நிறுத்திக்கொள்ளும்படி வைத்திருந்தார். எத்தனை வேர்வையான மத்தியானங்களில் மின்விசிறி நின்று, அவள் விசிறிமட்டையோடு அவரைத் திட்டியிருக்கிறாள்.

இப்போது அந்தத் திரைக்கு முன்னால் ஈஸ்வரபாண்டி உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்தாகிவிட்டது. பெட்டி மட்டும் ஓடியது. துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் பெட்டியருகே போனார்கள், அப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளேயிருந்து வருகிறவர்களிடம், "எம்புட்டு இருக்காம்?" என்று கேட்டார்கள். "எழுவத்தி ரெண்டு" என்று பதில் போயிற்று. காய்ச்சல் கண்ட பிள்ளைக்குச் சூடு பார்த்துச் சொல்வது போல இருந்தது.

ஹேமாவதி போன் செய்துகொண்டே வந்தாள். குமுளி இறங்கிவிட்டாள். அப்புறம் கம்பம். பிள்ளை ஒவ்வொரு ஊராகக் கிட்டத்தில் வர வர எண்ணும் இறங்கிக்கொண்டே வந்தது. மேகம் போட்டுவிட்டது. வெயில் இருந்தால் மாடித் தகடு கொஞ்சம் கொடுத்திருக்கும். வருகிறவர்கள் வேறு மாலை போடுகிறோம் என்று பெட்டி மூடியைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். தூக்கும்போதெல்லாம் குளிர் வெளியே போனது, பெட்டி இன்னும் பலமாக உறுமியது.

அவள் சின்னமனூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தபோது பீப் பீப் என்று கம்ப்யூட்டர் கத்தத் தொடங்கியது. கர்ணனின் சட்டம்.

கூடத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்கள். சின்னக்கருப்பு வாசலிலிருந்து உள்ளே வந்தார். ஈஸ்வரபாண்டி வேகமாக மவுஸை நகர்த்தி ஒரு பக்கத்தைத் திறந்தான்.

"அம்மா, இந்த அம்பதுங்கிற கணக்கக் கீழ எறக்கலாம். ஆனா எறக்குனா பேட்டரி கெட்டுப்போயிரும், சரியான்னு கேக்குது."

கஸ்தூரியம்மாள் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் எது சரி, எது வேண்டாம் என்று தெரிந்தது. ஒரு வருஷமாக அந்த மனிதர் கண்ணுக்குள் வைத்துக் காத்த சாமான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஒரு நாள்கூட மறந்ததில்லை.

"எங்கன வரைக்கும் எறக்கலாம்?"

"பூராத்தையும் எடுக்கலாம். அப்புறம் அது தேறாது."

"சரின்னு போடு."

அவன் போட்டான். கத்தல் நின்றது. பெட்டி ஓடியது.

அதற்குப் பிறகுதான் பெரிய இடைஞ்சல் வந்தது. ஹேமாவதியின் கார் வீரபாண்டியில் மாட்டிக்கொண்டது. ரோடு முழுக்க அக்கினிச்சட்டி எடுக்கிற கூட்டம். வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள், திரும்பவும் வழியில்லை. "தெரியுதும்மா, ராட்டினம் தெரியுது, நகரவே மாட்டேங்குது" என்று போனில் அழுதாள். ஓடிப்போனால் போய்விடுகிற தூரத்தில் நின்று அழுதாள். சின்னக்கருப்பின் மகன் ஒச்சாண்டி பைக்கை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரக் கிளம்பினான். அவனும் அந்தக் கூட்டத்துக்குள்தான் போய் வர வேண்டும்.

எண் இப்போது வேகமாக இறங்கியது. பாதிக்கு மேலே இருந்தபோது மெதுவாகப் போன பேட்டரி, கீழே வந்ததும் பள்ளத்தில் இறங்குகிற மாட்டுவண்டியாக ஓடியது. இருபத்தி ஒன்பது என்றார்கள். இருபத்தி நாலு என்றார்கள். சின்னக்கருப்பு ஈஸ்வரபாண்டியின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

"இருவதுக்கு வந்தாச்சுன்னா ஆள்களத் தயார் பண்ணிரவா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

கஸ்தூரியம்மாள் அந்தப் பெரிய டிவி மாதிரியான திரையைப் பார்த்தாள். அதன் பின்பக்கம் கை வைத்தால் சுடும். மிக்சிக்கும் மின்விசிறிக்கும் கணக்குக் கேட்ட மனிதர் இதற்கு மட்டும் கணக்குப் பார்த்ததில்லை.

"ஈஸ்வரா, இது எதுல ஓடுது?"

"எது?"

"இந்தக் கம்ப்யூட்டரு."

ஈஸ்வரபாண்டி திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "பேட்டரிலதாம்மா."

"அப்ப இத அமத்திரு."

"அமத்துனா எம்புட்டு இருக்குன்னு தெரியாதும்மா."

"தெரிய வேணாம். நாம பாத்துக்கிட்டே இருந்தா அதுவே தின்னுரும்."

அவன் அமர்த்தினான். பச்சைப் படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. கூடம் திடீரென்று இருட்டியது போல இருந்தது, பகல்தான் என்றாலும்.

சின்னக்கருப்பு துண்டை உதறித் தோளில் போட்டார். "பெட்டி நின்டுச்சுன்னு எப்பிடித் தெரியும்? இந்தச் சத்தத்துல?"

வாசலில் கொட்டுக்காரர்கள் வந்து அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கஸ்தூரியம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் பெட்டியின் தலைமாட்டில் போட்டாள்.

"நீங்க இங்கன உக்காருங்க மாமா. மூடி மேல கைய வச்சுக்கங்க. ஓடுனா கையில தெரியும். நின்டா நீங்களே சொல்லுங்க."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன்னை ஏன் உட்காரச் சொல்கிறாள் என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு உட்கார்ந்தார். தோப்பில் வேலை செய்து காய்ந்த கையைத் தம்பியின் முகத்துக்கு நேராகக் கண்ணாடி மேல் வைத்தார். அப்புறம் மூடியைத் திறக்க வந்த ஒரு பெண்ணிடம், "மாலைய மேலயே போடு தாயி. யாரும் தொறக்கக் கூடாது" என்றார்.

கஸ்தூரியம்மாள் கீழே உட்கார்ந்து, பெட்டியின் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பெட்டியின் நடுக்கம் முதுகெலும்பில் இறங்கியது. முப்பது வருஷமாக இந்த மனிதரின் குறட்டைக்குப் பக்கத்தில் தூங்கியவள் அவள். ராத்திரியில் குறட்டை நின்றால்தான் அவளுக்கு விழிப்பு வரும். கண்ணை மூடிக்கொண்டாள். ஹேமாவதியின் முகத்தை நினைத்தாள். பிள்ளைக்கு அப்பா மூக்கு. அந்த முகத்தைக் கண்ணாடிக்கு மேலே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட வேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது பெட்டி நின்றது.

முதுகில்தான் முதலில் தெரிந்தது. ஒரு சின்ன உதறல், பிறகு வெறும் இரும்பு. படிக்கு அடியில் இன்வெர்ட்டர் ஒரு தடவை முனகி அடங்கியது. கொட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கஸ்தூரியம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொன்னது அவள்தான். ஹேமாவுக்குச் சொன்னதும் அவள்தான். இரண்டில் ஒன்று பொய்யாகப் போகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மாமா எழுந்திருக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஸ்டூல் நகரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னக்கருப்பு கண்ணாடி வழியாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அதே இடத்தில் இருந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவள் பார்ப்பதை உணர்ந்து அவரும் அவளைப் பார்த்தார்.

வாசலிலிருந்து அம்மாவாசி, பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவன், தலையை நீட்டினான். "பெரியவரே, பெட்டி ஓடுதா?"

"ஓடுது" என்றார் சின்னக்கருப்பு.

அவன் சந்தேகத்தோடு நின்றான். அவர் அவனைத் தாண்டிப் பந்தலைப் பார்த்தார்.

"ஏலே, கொட்டுக்காரவுகள நல்லா அடிக்கச் சொல்லு. என்ன தூங்குறாகளா?"

கொட்டு பலத்தது. அம்மாவாசி போய்விட்டான். கஸ்தூரியம்மாளுக்கு வற்றிப்போயிருந்த அழுகை அப்போதுதான் திரும்ப வந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சோணையம்மாள் வந்து தோளைப் பிடித்து, "அழு தாயி, அழுதுரு" என்றாள். மாமாவைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று அழுகிறாள் என்பது சோணையம்மாளுக்கு எப்படித் தெரியும்.

வெளியே மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனால் செத்த பேட்டரியை எழுப்ப அது போதவில்லை. ஜன்னல் வழியாக ஒரு சதுரமாகப் பெட்டியின் மூடி மேல் விழுந்தது. சின்னக்கருப்பு மற்றக் கையால் தோள் துண்டை எடுத்து, சொம்புத் தண்ணீரில் நனைத்து, வெயில் விழுந்த இடத்தில் விரித்தார். அது காயக் காய மறுபடி நனைத்தார். யாராவது கேட்டால் ஓடுது என்றார். கேட்காதவர்களிடமும் இரண்டு தடவை சொன்னார்.

பைக் சத்தம் தெருவில் கேட்டது. ஹேமாவதி வண்டி நிற்பதற்குள் குதித்தாள். வீரபாண்டிக் கூட்டத்தில் யார் ஊற்றியதோ, சேலையெல்லாம் மஞ்சள் தண்ணீர். ஒரு செருப்பு இல்லை. பந்தலில் பெண்கள் எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வந்தார்கள். அவள் யாரையும் கட்டவில்லை, நேரே உள்ளே வந்து பெட்டியின் மேல் விழுந்தாள்.

சின்னக்கருப்பு கையை எடுக்காமல் கொஞ்சம் ஒதுங்கினார். கண்ணாடிக்குள் கர்ணன் படுத்திருந்தார். நெற்றியில் திருநீறு, தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி. கடையில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிஷம் கண்ணயர்ந்த முகம். கெடவில்லை. ஹேமாவதி அந்த முகத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். "எப்பா" என்றாள். அப்புறம் கண்ணாடி மேலேயே கவிழ்ந்து அழுதாள்.

கொட்டு ஓய்ந்தது. அவள் அழுகை தேய்ந்து விக்கலானது. கண்ணாடியில் கன்னத்தை வைத்திருந்தவள் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"பெரியப்பா, பெட்டி ஓடலியே."

வாசலில் அம்மாவாசி எட்டிப் பார்த்தான்.

"இப்பத்தான் தாயி நின்டுச்சு" என்றார் சின்னக்கருப்பு. "நீ வாசல்ல கால வைக்கவும் நின்டுச்சு. அது வரைக்கும் ஓடுச்சு."

ஹேமாவதி அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாத்தா" என்றாள் கஸ்தூரியம்மாள். "இப்பத்தான்."

சின்னக்கருப்பு ஸ்டூலைவிட்டு எழுந்தார். இவ்வளவு நேரம் கண்ணாடியை அமுக்கியிருந்த கை மரத்துப்போய், விரல்கள் மடங்க மறுத்தன. அதை மற்றக் கையால் பிடித்து நீவிக்கொண்டே, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு ஆட்களைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.